தோட்டத்து ஜீப்பும் அதன் டயர்களும்

உழவுக்கு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் குளம்பையும் கவனிப்பார். தம் காட்டு மண்ணுக்கு அது ஏற்குமா ஏற்காதா என்று நான்கு பேரைக் கலந்துகொண்ட பின்னரே துண்டைப் போட்டு விலை பேசுவார். அதே குடியானவர் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஜீப்புக்கு டயர் மாற்றப் போகும்போது இந்த நிதானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கடைக்காரர் எடுத்து வைப்பது எதுவோ, பக்கத்துத் தோட்டத்தார் மாட்டியிருப்பது எதுவோ, பையன் படத்தில் பார்த்து ஆசைப்படுவது எதுவோ, அதுவே தீர்மானமாகிவிடுகிறது. மாட்டுக்குக் குளம்பு எப்படியோ, வண்டிக்கு டயர் அப்படி. நிலத்தைத் தொடுவது அது ஒன்றுதான். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

கோயமுத்தூர் ரத்தினசபாபதிபுரத்திலும் அதையடுத்த பேட்டைகளிலும் குடியிருந்துகொண்டு, ஆனைமலை, உடுமலை, தொண்டாமுத்தூர், அன்னூர், காங்கயம் முதலிய பக்கங்களில் தோட்டமும் காடும் வைத்துப் பண்ணையம் பார்ப்பவர் பலர். பிள்ளைகளின் படிப்பு, வைத்திய வசதி, வியாபாரம் ஆகிய காரணங்களால் வீடு நகரத்தில். பிழைப்பின் வேர் மண்ணில். இவ்விரண்டையும் இணைப்பது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடிய ஜீப். அது காலையில் அகன்ற நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே விரைகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின் கிளுவை வேலிகளுக்கு நடுவே இட்டேரியில் ஊர்ந்து செல்கிறது. மாலையில் தேங்காய் மூட்டையோ வாழைத்தாரோ ஏற்றிக்கொண்டு மறுபடியும் தார்ச்சாலைக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே டயர் எங்ஙனம் ஈடுகொடுக்கும் என்பதே கேள்வி.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். கொங்கு நாட்டுச் சமவெளியில் தோட்டமும் நகரத்தில் வீடும் உடையவர்களுக்குப் பெரிய பல் கொண்ட சேற்று டயர் பெரும்பாலும் வேண்டாதது. நனைந்த நெடுஞ்சாலையில் அது ஆபத்தானதும் ஆகும். டயரைச் சாலைக்கென்று தேர்ந்தெடுக்க வேண்டும். சேற்றைக் காற்றழுத்தத்தாலும், பொறுமையாலும், பாதையைச் சீர்செய்வதாலும் சமாளிக்க வேண்டும். இதற்குரிய காரணங்களைக் கீழே காண்க.

மூவகை டயர்கள்

ஜீப் வகை வண்டிகளுக்குக் கடைகளில் கிடைக்கும் டயர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயர். இதன் மேற்பரப்பில் நீளவாக்கில் தொடர்ச்சியான பட்டைகளும், அவற்றின் நடுவே நீர் வழிந்தோடும் கால்களும், பட்டைகளின்மேல் கத்தியால் கீறினாற்போன்ற மெல்லிய பிளவுகளும் இருக்கும். ஈரத் தரையில் நீர்ப்படலத்தை உடைத்துத் தாரைப் பற்றுவதற்கு உதவுபவை இப்பிளவுகளே. இரண்டாவது, ஏ.டி. எனப்படும் பொதுவகை டயர். இதில் பட்டைகள் துண்டுதுண்டாக வெட்டப்பட்டுக் கட்டைகளாக இருக்கும். இடைவெளி சற்று அதிகம். கட்டைகளின்மேல் மெல்லிய பிளவுகளும் உண்டு. மூன்றாவது, எம்.டி. எனப்படும் சேற்று டயர். பணிமனைகளில் பட்டன் டயர் என்றும் சொல்வதுண்டு. இதன் கட்டைகள் பெரியவை. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். மெல்லிய பிளவுகள் மிகக் குறைவு.

புதிய நெடுஞ்சாலை டயரில் கால்களின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் என்றால், சேற்று டயரில் அது 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். ஆழம் கூடுதலாயிருப்பதால் சேற்று டயர் நெடுங்காலம் உழைக்கும் என்று எண்ணுவோர் உளர். இது சரியன்று. உயர்ந்த தனிக்கட்டைகள் வேகத்தில் வளைந்து நெளிகின்றன, நெளிவதால் சூடேறுகின்றன, சூடேறிய ரப்பர் தார்ச்சாலையில் விரைவில் தேய்கிறது. அத்தோடு கட்டைகளின் ஓரம் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து, ஓட ஓட இரைச்சலும் அதிகமாகிறது. உருளும்போது தடை மிகுவதால் எண்ணெய்ச் செலவும் கூடுகிறது. ஆக, சேற்று டயரை மாட்டியவர் சேற்றில் இறங்காத நாட்களிலும் அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

மண்ணும் மழையும்

நமது மாவட்டத்தில் சேறு என்பது எத்தனை நாள்? கோயமுத்தூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 670 மில்லிமீட்டர் அளவுதான். மழை நாட்கள் ஐம்பதுக்கு உட்பட்டவை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. மற்ற நாட்களில் நமது இட்டேரிகளில் இருப்பது புழுதியும், சரளையும், சுண்ணாம்புக் கல்லும், முள்ளுமே. இவற்றில் எதற்கும் விரலகல இடைவெளியுள்ள பற்கள் தேவையில்லை.

இனி மண்ணின் தன்மையைப் பார்ப்போம். பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண் நனைந்தாலும் நீர் விரைவில் வடிந்துவிடும். ஒரு நாள் வெயிலில் வண்டி போகலாம். சூலூர், பல்லடம் பக்கங்களில் காணும் கரிசல் மண்ணின் குணம் வேறு. நீர் பட்டால் அது ஊதிப் பெருத்து மாவுபோல் குழைந்து, எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்கிறது. சேற்று டயரின் சிறப்பு, சக்கரம் சுழலும் வேகத்தில் பற்களின் இடையே புகுந்த சேற்றை வெளியே எறிந்துவிடுவதுதான். நல்ல கரிசலில் இந்தச் சிறப்பும் பயன் தருவதில்லை. இரண்டு சுற்றுக்குள் இடைவெளிகள் அடைபட்டு, பெரிய பல் டயரும் சிறிய பல் டயரும் ஒரே களிமண் உருண்டையாகிவிடுகின்றன. இந்த மண்ணை அறிந்த பெரியவர்கள் மழை பெய்த மறுநாள் கரிசலில் மாட்டு வண்டியையே இறக்கமாட்டார்கள். ஜீப் வந்துவிட்டதால் மண் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. ஈரமான இட்டேரியில் பெரிய பல் டயரைச் சுழலவிட்டால் அது பாதையை உழுதுவிடுகிறது. அந்தத் தடத்தில் அடுத்த மழைநீர் தேங்குகிறது. தேங்கிய இடம் பள்ளமாகிறது. இட்டேரி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதன் வழியே பால் கேனைச் சைக்கிளில் கொண்டு போகிறவரும், பள்ளிக்கு நடந்து போகும் குழந்தைகளும், ஆடு ஓட்டிச் செல்கிறவரும் உளர். ஒருவர் தம் ஜீப்பின் வலிமையைக் காட்டப் போய் ஊராரின் பாதை கெடுவது முறையன்று.

தார்ச்சாலையின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரத்தினசபாபதிபுரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாக ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதில் மண்பாதை கடைசி 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப 110 கிலோமீட்டர். மண்ணில் 4 கிலோமீட்டர். வாரத்துக்கு இருமுறை போனால் ஆண்டில் 104 பயணங்கள். மொத்தம் 11,440 கிலோமீட்டர். மண்ணில் 416 கிலோமீட்டர். மழை பெய்த நாளோடு அடுத்து ஈரம் காயும் நாட்களையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு நாட்கள் சேறு என்று தாராளமாகவே கொண்டாலும், சேற்றில் ஓடுவது 140 கிலோமீட்டருக்கு மேற்போகாது. அதாவது மொத்த ஓட்டத்தில் எண்பதில் ஒரு பங்கு. அவரவர் தம் தோட்டத்து தூரத்தை வைத்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். விடை பெரிதும் மாறாது.

ஆனால் தூரத்தின் கணக்கைவிட ஆபத்தின் கணக்கு முக்கியமானது. சேற்றில் டயர் வழுக்கினால் வண்டி நிற்கிறது. அரை நாள் வேலை கெடுகிறது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிட நேர்கிறது. நஷ்டம் அவ்வளவே. நெடுஞ்சாலையில் மழையில் டயர் வழுக்கினால் நேர்வது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுபவர் கண்டு, காலை எடுத்து, பிரேக்கில் வைப்பதற்குள் அந்த 22 மீட்டர் கழிந்துவிடும். அதன்பின் நிறுத்துவது டயரின் பிடிப்பு ஒன்றே. சேற்று டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. நீர்ப்படலத்தை உடைக்கும் மெல்லிய பிளவுகளும் குறைவு. ஆகவே நனைந்த தாரில் அது நெடுஞ்சாலை டயரைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். வெகுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையிற் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழவழப்பாகும்போது இந்த வேற்றுமை இன்னும் தெளிவாகும்.

தோட்டத்து ஜீப்பில் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் போவதில்லை. பின்புறத்தில் வேலைக்கு வரும் பெண்கள் இருப்பார்கள். விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். சேற்றில் சிக்காமலிருக்க வேண்டுமென்ற ஒரே கவலையில் அவர்களுடைய உயிரை ஈரச் சாலையில் அடகு வைப்பது எந்த வகையில் பொருந்தும்? ஈரத்தில் பிடிப்பு, உருளும் தடை, இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் டயர்கள் இன்ன அளவில் இருக்க வேண்டுமென்று ஏ.ஐ.எஸ். 142 என்னும் விதியை மத்திய சர்க்கார் 2022ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியதும் இத்தகைய கவலையினால்தான்.

பல்லா, காற்றா?

“பல் இல்லாவிட்டால் மண்ணில் பிடிப்பு எங்கிருந்து வரும்?” என்று கேட்கலாம். விவசாயத்தின் சரித்திரமே இதற்கு விடை கூறியிருக்கிறது. டிராக்டர்கள் முதலில் இரும்புச் சக்கரங்களோடும் அச்சக்கரங்களில் பொருத்திய இரும்புப் பற்களோடும்தான் வந்தன. நிலத்தைக் குத்திப் பிடிக்காவிட்டால் உழவே முடியாது என்று யாவரும் நம்பினர். 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலிஸ்-சாமர்ஸ் கம்பெனியார் தம் டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர்களை மாட்டி விற்கத் தொடங்கினர். குறைந்த அழுத்தத்தில் காற்று நிரம்பிய அந்த டயர் மண்ணைக் குத்தவில்லை. மண்ணின்மேல் பரவிப் படிந்தது. எண்ணெய் மிச்சமாயிற்று, வேகமும் கூடிற்று, சில ஆண்டுகளில் இரும்புப் பல் வழக்கொழிந்தது. நம் நாட்டில் இரும்புப் பட்டை போட்ட கட்டைச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தபோது காளைகள் கண்ட சுகமும் இவ்வுண்மையின் வேறோர் உருவமே.

விவசாயிக்கென்று வந்த முதல் ஜீப்பையும் நினைத்துப் பார்க்கலாம். யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனியார் சி.ஜே. 2ஏ என்ற ஜீப்பைக் குடியானவர்களுக்காகவே வெளியிட்டனர். அதன் டயரின் அகலம் ஆறே அங்குலம். அந்த ஒல்லி டயரோடு அது ஏர் இழுத்தது, பாரம் சுமந்தது, இயந்திரங்களையும் ஓட்டியது. வண்டி இலேசாக இருந்ததும், தாழ்ந்த கியரில் நிதானமாக ஓட்டியதுமே காரணம். இன்றைய அகலமான டயர்களின் பெருமையைக் கேட்டு மயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சேற்றிலும் மணலிலும் முதலில் செய்ய வேண்டியது காற்றைக் குறைப்பதே. சாலைக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று வைத்திருக்கும் டயரை 18 முதல் 20 பவுண்டுக்கு இறக்கினால், தரையில் படியும் நீளம் கூடுகிறது. ஒவ்வோர் அங்குலத்தின்மேலும் விழும் பாரம் குறைகிறது. வண்டி புதையாமல் மிதந்து செல்கிறது. 15 பவுண்டுக்குக் கீழே இறக்குவது கூடாது. திருப்பத்தில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலையில் ஏறுமுன் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடிக்க நேரும். ஆகையால் பாட்டரியில் ஓடும் சிறு காற்று யந்திரம் ஒன்றும், அழுத்தம் பார்க்கும் மானி ஒன்றும் ஜீப்பில் எப்போதும் இருக்கட்டும். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு, நல்ல ஜீப் டயர் ஒன்றின் விலையில் சிறு பங்குக்குள் அடங்கும்.

அளவை மாற்றும் ஆசை

வண்டியோடு வந்த அளவைவிடப் பெரிய டயரை மாட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. இதிலும் கணக்குப் பார்க்க வேண்டும். 215/75 ஆர் 15 என்ற அளவுள்ள டயரின் விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால் விட்டம் 733 மில்லிமீட்டர் சொச்சம். கூடுதல் 30 மில்லிமீட்டர். ஆனால் வண்டி உயர்வது இதிற் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரலின் அகலத்துக்குச் சற்றே அதிகம். இந்த உயரத்துக்காக இழப்பது பல. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சக்கரம் கனப்பதால் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். முழுவதும் திருப்பும்போது டயர் உட்புறத்தில் உரசவும் கூடும். அன்றியும், பதிவுச் சான்றில் கண்ட விவரத்துக்கும் தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் இது பெரிய வழக்காக வந்து நிற்கலாம். ஆதலின், தயாரிப்பாளர் அந்த வண்டிக்கென்று குறிப்பிட்ட அளவுகளுக்குள்ளேயே நிற்பது உசிதம்.

நான்கு டயர்களும் ஒரே அளவிலும், ஒரே வகையிலும், ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று மாட்டினால், நான்கு சக்கர விசையைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விரும்பி ஒன்றையொன்று முறுக்கும், பற்சக்கரங்கள் கெடும். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் போட்டு ஓட்டக் கூடாதென்பதற்கும் காரணம் இதுவே. ஸ்டெப்னியும் அதே அளவில் இருத்தல் வேண்டும். அதையும் சுற்றில் சேர்த்து எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும்.

இன்ன நிலத்துக்கு இன்ன டயர்

இதுகாறும் கூறியதை நிலவாரியாகத் தொகுத்துச் சொல்வோம்.

தோட்டத்துச் சாளை வரையில் தார் அல்லது நன்கு கெட்டித்த சரளைப் பாதை உடையவர்களுக்கு நெடுஞ்சாலை டயரே போதும். ஜீப் என்பதனாலேயே பெரிய பல் வேண்டுமென்பதில்லை.

கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் இட்டேரியாகவோ வாய்க்கால் கரையாகவோ உள்ள பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, தொண்டாமுத்தூர்த் தோட்டக்காரர்களுக்குப் பொதுவகை டயர் ஏற்றது. அதிலும் இடைவெளி மிகுதியில்லாமல், கட்டைகளின்மேல் மெல்லிய பிளவுகள் நன்கு அமைந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். பொதுவகை என்ற பெயரில் ஏறக்குறைய சேற்று டயராகவே இருப்பவையும் கடையில் உண்டு. பெயரை நம்பாமல் டயரைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்க.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் பகைவன் சேறன்று. வெள்வேல முள்ளும், கிளுவைச் சிம்பும், கூர்ங்கல்லுமே. அங்கே பல்லின் உயரத்தைவிட ரப்பரின் கனமும் பக்கச்சுவரின் வலிமையும் முக்கியம். டியூப் இல்லாத ரேடியல் டயரே மேலானது. முள் ஏறினாலும் காற்று மெல்லக் கசியுமேயன்றி ஒரேயடியாக இறங்கிவிடாது. சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் அடைத்துக்கொள்ளலாம். எல்.டி. என்று தொடங்கும் அளவுக் குறியுடைய டயர்கள் அடுக்கு மிகுந்து வலுவானவை. ஆயினும் கனமானவை, சவாரியில் விறைப்பானவை, அதே பாரத்துக்குக் கூடுதல் காற்று கேட்பவை. எப்போதும் பாரம் ஏற்றுவோர்க்கும் கல் நிலத்தார்க்கும் மட்டும் அவை தகும்.

வால்பாறை மலையிலோ கதை வேறு. ஆனியும் ஆடியும் அங்கே விடாமழை. தேயிலைத் தோட்டத்து உட்பாதைகள் செங்குத்தாகவும் வழுக்கலாகவும் இருக்கும். தோட்டத்தை விட்டு வெளியே வராத எஸ்டேட் ஜீப்புக்குச் சேற்று டயர் மாட்டுவது நியாயமே. ஆனால் அதே ஜீப் வாரந்தோறும் ஆழியாற்றுக்கு இறங்குவதானால், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் நனைந்த தாராகவே இருக்கும் என்பதை மறக்கலாகாது. அங்கும் பொதுவகை டயரே நடுவழி.

டயரின்மேல் எழுதியிருப்பவை

வாங்கும்போது டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எண் பாரத்தைக் குறிப்பது: 100 என்றால் டயர் ஒன்றுக்கு 800 கிலோ; 104 என்றால் 900 கிலோ. எழுத்து வேக வரம்பைக் குறிப்பது: க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. வண்டியோடு வந்த டயரின் குறிகளுக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது. அப்பால் நான்கு இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரைப் புதியதென்று ஏமாந்து வாங்காதிருக்க இது உதவும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம், எஸ் என்ற இரண்டு எழுத்துக்கள் சேர்ந்து காணப்படுவதைச் சேற்றுக்குப் பரீட்சித்ததற்கு அத்தாட்சியென்று கடைகளில் சொல்வதுண்டு. அது பல்லின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்ளும் குறி. அதற்கென்று தனிப் பரீட்சை கிடையாது.

சட்டப்படி ஜீப் டயரின் கால்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயலாகாது. இந்த அளவைக் காட்டக் கால்களின் அடியில் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். மேடும் பல்லும் ஒரு மட்டமாகும் வரை காத்திருக்காமல், ஐப்பசி மழைக்கு முன்னரே மாற்றிவிடுவது விவேகம். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவையொட்டிய தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்ட அளவே சரியானது. கடைப் பையன் சொல்லும் பொது அளவன்று.

ஓர் ஆட்சேபமும் விடையும்

“சேற்று டயர் இல்லாமல் ஐப்பசியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கறவை மாடு நோயுற்றால் அன்றைக்கே போக வேண்டாமா?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட நாள் ஆண்டில் இரண்டோ மூன்றோ வரும். காற்றை இறக்கி, தாழ்ந்த கியரில், நடுவில் நிறுத்தாமல், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் போனால் பொதுவகை டயரே பெரும்பாலும் கரையேற்றிவிடும். அதற்கும் மிஞ்சினால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோமீட்டர் நடப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஒரு மண்வெட்டியும், உறுதியான இழுவைக் கயிறும், இரண்டு பலகைத் துண்டுகளும் வண்டியில் கிடந்தால், தனியாக மாட்டிக்கொண்டவரும் மீளலாம்.

இதைவிட நிலையான பரிகாரம் ஒன்றுண்டு. நான்கு சேற்று டயர்களுக்கு அதிகமாகக் கொடுக்கும் பணத்தையும், அவை குடிக்கும் எண்ணெய்ப் பணத்தையும் சேர்த்து, இட்டேரியில் நீர் தேங்கும் இரண்டு மூன்று இடங்களில் சரளை கொட்டி, ஓரத்தில் வடிகால் வெட்டிவிட்டால் பாதை பல ஆண்டுகளுக்கு நிற்கும். வேலியை ஒட்டிய தோட்டக்காரர்கள் நால்வர் கூடினால் ஒரு கோடையில் முடிகிற வேலை. டயர் ஒருவருக்கு உதவும். பாதை ஊருக்கே உதவும். பஞ்சாயத்துக்களும் மழைக்கு முன் இத்தகைய வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

1920ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய நாள் முதல் கொங்கு நாட்டார் மோட்டாரைக் கையாளுவதில் பெயர் பெற்றவர்கள். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இந்த நாட்டில், அந்த இயந்திரம் நிற்கும் நான்கு உள்ளங்கை இடத்தைப் பற்றி மட்டும் அசட்டையாக இருப்பது தகாது. டயரின் தோற்றம் பார்ப்பவருக்காக. பிடிப்பு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்காக. அடுத்த முறை டயர்க் கடைக்குப் போகும் குடியானவர்கள், தம் வண்டி எந்த மண்ணில் எத்தனை நாள், எந்தச் சாலையில் எத்தனை தூரம் ஓடுகிறதென்று ஒரு காகிதத்தில் கணக்கெழுதி எடுத்துச் செல்வார்களாக. அந்தக் கணக்குக்கு ஏற்ற டயரையே அவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.